கம்பெனி வந்த ஊரில் கையில் நிற்பது எவ்வளவு?



விடியற்காலை நாலரை மணிக்கு நம் ஊர்த் தெருவில் நின்று பாருங்கள். ஒரு வீட்டில் மகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறாள். பக்கத்து வீட்டில் அம்மா இட்லிப் பானையை இறக்குகிறார். அது கம்பெனி கேட்டுக்கு எதிரே போடும் தள்ளுவண்டிக் கடைக்குப் போக வேண்டும். அதற்கடுத்த லைன் வீட்டில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்த பிள்ளைகள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுகிறார்கள். நம் பாட்டி காலத்தில் இந்த நேரத்தில் ஏரி மதகு திறக்கும் சத்தமும் மாட்டுக் கழுத்து மணியும்தான் கேட்கும்.

காசு புழங்குகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்தால் தவணை பாக்கி. ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "முன்னாடி வயல் வேலைக்குப் போனப்ப வந்ததைவிட இப்ப நாலு மடங்கு வருது. அப்பவும் மாசக் கடைசியில கடன் வாங்கினோம், இப்பவும் வாங்குறோம். எங்க போகுது காசு?"

யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை. கணக்குதான், பயப்பட வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

நம் பகுதி எப்படி மாறியது?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். மதுராந்தகம், செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊருக்கு ஊர் ஏரி. நெல், வேர்க்கடலை, மாடு. காஞ்சிபுரம் பக்கம் என்றால் வீட்டுக்குள் பட்டுத்தறி. 1997ல் இந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது.

சென்னைக்குள் தொழில்கள் பெருகி இடம் போதாமல் போனபோது அவை ஒவ்வொரு படியாக நம் பக்கம் வந்தன. 1958ல் கிண்டி தொழிற்பேட்டை. 1980ல் மறைமலைநகர் புதுநகரமாகத் திட்டமிடப்பட்டது. 1984ல் தாம்பரத்தில் ஏற்றுமதிக்கான தொழில் வளாகம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை. ஒவ்வொரு பெரிய ஆலையின் பின்னாலும் பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகள் வந்தன. அவற்றின் பின்னால் ஹோட்டல், ஆட்டோ, விடுதி, செல்போன் கடை எல்லாம் வந்தன.

இதில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2019-20ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களில் 100க்கு 43 பேர் தமிழ்நாட்டில்தான் வேலை பார்த்தார்கள். "பொம்பளைப் பிள்ளையை கம்பெனிக்கு அனுப்பறதா?" என்று கேட்ட ஊரில், இன்று பெண்ணின் சம்பளத்தில் தம்பி படிக்கிறான். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

நம் வீட்டுக்கு வரும் நாலு வரவு

நம் பகுதியில் ஒரு வீட்டுக்குப் பணம் நாலு வழியில் வருகிறது:

• கம்பெனிச் சம்பளம்
• சிறு வியாபாரம்
• வீட்டு வாடகை
• நிலம், மாடு, கீரை, பூ

ஒவ்வொன்றிலும் காதில் விழும் தொகை ஒன்று, கையில் நிற்கும் தொகை வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சம்பளச் சீட்டைப் படிப்போம்

"என் பொண்ணுக்குப் பதினஞ்சாயிரம் சம்பளம்" என்கிறோம். ஆனால் வங்கியில் ஏறுவது பன்னிரண்டு, பதின்மூன்று. மீதி எங்கே? உதாரணத்துக்கு ஒரு சம்பளச் சீட்டு:

மொத்தச் சம்பளம்: ரூ.15,000
பி.எஃப். பிடித்தம் (அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்ந்து ரூ.12,000 என்றால் அதில் 12 சதவீதம்): ரூ.1,440
ஈ.எஸ்.ஐ. பிடித்தம் (ரூ.15,000க்கு 0.75 சதவீதம்): ரூ.113
பஸ், கேன்டீன்: ரூ.600
கையில் வருவது: ரூ.12,847

"அநியாயமாப் பிடிக்கறாங்க" என்று சிலர் சொல்வது உண்டு. அப்படி நினைக்கக் கூடாது. பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் நம் பிள்ளையின் பணம்தான். நாம் கட்டும் ரூ.1,440க்குச் சமமாக நிர்வாகமும் ரூ.1,440 கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி சேமிப்புக் கணக்குக்கும் போகிறது. ஈ.எஸ்.ஐ.க்கு நாம் கட்டுவது ரூ.113. நிர்வாகம் 3.25 சதவீதம், அதாவது ரூ.488 கட்ட வேண்டும்.

இதனால் என்ன கிடைக்கும்? ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பிள்ளைக்கும் அவளை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. உடம்பு முடியாமல் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார விடுப்பு சம்பளத்தோடு உண்டு. பி.எஃப்.பில் 10 வருடச் சேவை சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. இதனால்தான் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம் என்கிறோம். எண் ஒன்றுதான். பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் பிடிப்பது வேறு, கட்டுவது வேறு. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஒப்பந்தக்காரர் மூலம் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். மாதாமாதம் பி.எஃப். பிடித்தார்கள். கல்யாணத்துக்காக வேலையை விட்ட பிறகு பணம் கேட்கப் போனபோதுதான் தெரிந்தது, கணக்கில் ஏறியிருந்தது ஏழு மாதப் பணம் மட்டும். அம்மா கூட்டத்தில் அழுதுவிட்டார். நல்ல வேளை, சம்பளச் சீட்டுகளை அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். நாலைந்து முறை அலைந்தோம். கடைசியில் பாக்கி ஏறியது. சீட்டு இல்லாமல் போயிருந்தால் வாய்ப்பேச்சுக்கு யார் பதில் சொல்வார்கள்?

ஆகவே, வேலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் கேட்க வேண்டியவை:

• பணி நியமனக் கடிதம் கொடுத்தார்களா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும்.
• கடிதத்தில் இருப்பது கம்பெனி பெயரா, ஒப்பந்தக்காரர் பெயரா?
• பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண் இரண்டும் தெரியுமா?
• மூன்று மாதத்துக்கு ஒருமுறை உமாங் செயலியிலோ இ-சேவை மையத்திலோ கணக்கைப் பார்க்கிறாளா?
• வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கான உள்ளகக் குழு யார் யார் என்று தெரியுமா? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம்.

2. இட்லிக் கடையில் லாபம் எவ்வளவு?

கல்லாவில் விழுவதெல்லாம் லாபம் என்று நினைப்பதுதான் வியாபாரத்தில் முதல் தப்பு. கம்பெனி கேட் எதிரே உள்ள ஒரு தள்ளுவண்டிக் கடைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணம்தான். உங்கள் கடைத் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விற்பனை: ரூ.1,800
அரிசி, உளுந்து, எண்ணெய், காய்: ரூ.850
கேஸ்: ரூ.150
இலை, பேப்பர், கவர்: ரூ.70
ஆட்டோ: ரூ.80
இடத்துக்கு: ரூ.50
மொத்தச் செலவு: ரூ.1,200
மீதி: ரூ.600

மாதம் 26 நாள் கடை என்றால் ரூ.15,600. "பரவாயில்லையே!" என்கிறீர்களா? இன்னும் முடியவில்லை. மாதம் ரூ.1,000 கடன் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஊரை விட்டே போய்விடுகிறார்கள். அடுப்பு, பாத்திரம், வண்டிச் சக்கரம் தேய்கிறது. அதற்கு ரூ.600 எடுத்து வைக்க வேண்டும். நிற்பது ரூ.14,000. நாளுக்கு ரூ.538.

இப்போது உழைப்பைப் பாருங்கள். அம்மா எட்டு மணி நேரம், மருமகள் மாவாட்டவும் சட்னி அரைக்கவும் நாலு மணி நேரம். ஆக 12 மணி நேரத்துக்கு ரூ.538. மணிக்கு ரூ.45 கூட முழுசாக இல்லை. இரண்டு பேர் உழைப்பு ஒருவர் கூலியாகத் தெரிகிறது. மருமகளின் உழைப்பை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதைச் சொல்வது கடையை மூடுவதற்காக இல்லை. எந்த இடத்தில் கசிகிறது என்று தெரிந்தால் அடைக்கலாம். அப்படிக் கசியும் இடங்கள் மூன்று.

முதலாவது கொள்முதல். தினம் பக்கத்துக் கடையில் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வாங்கினால் சில்லறை விலை. குழுவில் கடை வைத்திருக்கும் ஐந்து பேர் சேர்ந்து மாதத்துக்கு வேண்டிய அரிசியையும் உளுந்தையும் மூட்டையாக எடுத்தால் மொத்த விலை. ஒரு நாளைக்கு ரூ.50 மிச்சம் பிடித்தாலும் மாதம் ரூ.1,300.

இரண்டாவது கடன் விற்பனை. நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று வரம்பு வையுங்கள். முகம் பார்த்தால் முதல் போய்விடும்.

மூன்றாவதுதான் பெரிய கசிவு. அது தண்டல்.

தண்டல் கணக்கு தெரியுமா?

காலையில் பைக்கில் வந்து வசூல் செய்கிறாரே, அவர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் என்று சொல்லிக் கையில் ரூ.8,500 தருகிறார். தினம் ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூறு ரூபாதானே, கடையில இருந்தே கட்டிடலாம். வட்டி ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும்.

ஆனால் அந்த ரூ.8,500 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. தினம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஐம்பதாவது நாளில் பாதிதான் நம்மிடம் இருக்கும். சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருந்தது ரூ.4,250 மட்டும். அதற்கு 100 நாளில் வட்டி ரூ.1,500. அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்க்கு மேல். பத்து வட்டி! அதே பணத்தை நம் குழுவில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு எடுத்து அதே போலத் திருப்பிக் கட்டினால் வட்டி ரூ.300 கூட வராது.

"குழுவுல உடனே கிடைக்க மாட்டேங்குதே" என்பதுதான் பலர் சொல்லும் காரணம். நியாயமான காரணம். கடைக்காரப் பெண்ணுக்குப் பணம் நாளைக் காலையில் வேண்டும். மாதக் கூட்டம் வரை அவரால் காத்திருக்க முடியாது. ஆகவே சேமிப்பில் ஒரு சிறு தொகையைக் "கடை நிதி" என்று தனியாக ஒதுக்கி, ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் சேர்ந்து அன்றன்றே கொடுக்கலாம் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டால் பின்னால் பேச்சு வராது.

கடை போடும் இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. தெரு வியாபாரிகள் சட்டம் 2014ல் வந்தது. நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் கணக்கெடுத்துச் சான்று கொடுக்க வேண்டும் என்கிறது அது. சான்று வாங்கியவரைக் காரணம் இல்லாமல் விரட்ட முடியாது. சிறுதொழில் பதிவான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

3. வாடகை வீட்டுக் கணக்கு

"நிலத்தை வித்த காசு கொஞ்சம், பேங்க் லோன் கொஞ்சம், மூணு ரூம் போட்டுட்டோம். மாசம் ஒன்பதாயிரம் வாடகை" என்று சந்தோஷமாகச் சொல்கிறோம். ஒரு வருடக் கணக்கைப் பாருங்கள்:

மூன்று அறை, தலா ரூ.3,000, 12 மாதம்: ரூ.1,08,000
ஒவ்வொரு அறையும் வருடத்தில் இரண்டு மாதம் காலி: ரூ.18,000 குறைவு
வங்கித் தவணை மாதம் ரூ.7,000: ரூ.84,000
மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, தண்ணீர், வரி: ரூ.10,000

1,08,000லிருந்து மூன்றையும் கழித்தால் நாலாயிரம் குறைகிறது. கையிலிருந்து ரூ.4,000 போகிறது! கடன் முடிந்த பிறகு வீடு நமக்குச் சொந்தம், அது உண்மை. ஆனால் கடன் முடியும் வரை வாடகையை வருமானமாக நினைத்துச் செலவு செய்யக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கூட வேலை செய்த பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். பெண் தொழிலாளர்கள் எப்படித் தங்குகிறார்கள் என்று நாடே திரும்பிப் பார்த்தது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதி வளாகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் விடுதியில் தங்கும் பெண்கள் நம் லைன் வீட்டுக்கு வாடகைக்கு வர மாட்டார்கள். புதிதாக ரூம் போட நினைப்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் என்ன வருகிறது என்று விசாரித்துவிட்டுக் கடன் வாங்குங்கள்.

4. நிலமும் மாடும்

நிலம் விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் குடும்பத்தின் முடிவு. ஒன்று மட்டும் சொல்வோம். நிலம் விற்ற பணம் வருமானம் இல்லை, அது முதல். முதலைச் சாப்பிட்டால் திரும்ப முளைக்காது. விற்கும் குடும்பத்தில் பெண்ணின் பெயரும் சேர்ந்த கணக்கில் பணம் விழட்டும். கார், கல்யாணம் என்று பேச்சு வருவதற்கு முன்னால் ஒரு பங்கை வங்கியில் வைப்பாகப் போடுங்கள்.

கால் காணி மிச்சம் இருந்தாலும் நம் பகுதியில் அதற்கு மதிப்பு அதிகம். ஏன்? வாங்குகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அடுக்குமாடி வீடுகள். கீரையும் பூவும் பாலும் தினம் வேண்டும். தூரத்து மாவட்டக் கீரை கோயம்பேடு வந்து சேர்வதற்குள் வாடும். நம் கீரை காலையில் பறித்தால் காலையிலேயே விற்கும். 1999ல் தமிழ்நாட்டில் உழவர் சந்தைகள் தொடங்கப்பட்டது தரகு இல்லாமல் நேராக விற்கத்தான். அடையாள அட்டை வாங்கி அங்கே உட்காரலாம். பால் மாடு வைத்திருப்பவர்கள் சங்கத்துக்கு ஊற்றியது போக, ஒரு பகுதியை வீடுகளுக்கு நேராகக் கொடுக்கலாம்.

ஒரே தூணில் நிற்கும் கூரை

இனிதான் முக்கியமான விஷயம். நாலு வரவு என்று சொன்னோம் இல்லையா? பல வீடுகளில் அது உண்மையில் நாலு இல்லை. ஒன்றுதான்.

யோசித்துப் பாருங்கள். மகள் வேலை செய்வது அந்தக் கம்பெனியில். அம்மாவின் இட்லிக் கடை அந்தக் கம்பெனி கேட்டில். லைன் வீட்டில் இருப்பவர்கள் அந்தக் கம்பெனி ஆட்கள். அப்பா ஓட்டும் வேனும் அந்தக் கம்பெனிக்கு. பார்த்தால் நாலு வரவு, தாங்குவது ஒரே தூண்.

அந்தத் தூண் சாயுமா? சாய்ந்திருக்கிறது. 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை உலகத்துக்கே கைப்பேசி செய்து அனுப்பியது. பல ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பகுதி இளம் பெண்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. எட்டு வருடம்தான். மறைமலைநகரில் 1990களின் கடைசியிலிருந்து கார் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்து 2022 ஜூலையில் உற்பத்தியை முடித்தது. 2020 கொரோனா ஊரடங்கில் எல்லாக் கேட்டும் ஒன்றாக மூடியதை நாம் மறக்க மாட்டோம்.

ஒரு ஆலை மூடினால் உள்ளே வேலை செய்தவருக்காவது ஏதோ ஒரு தொகை பேசிக் கொடுக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே இட்லி விற்றவருக்கு யார் கொடுப்பார்கள்? பாகம் செய்த சிறு கம்பெனியின் ஒப்பந்தப் பெண்ணுக்கு? ரூம் காலியான வீட்டுக்காரம்மாவுக்கு? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

பழைய நோக்கியா ஆலை பிறகு வேறு நிறுவனத்தின் கைக்கு மாறி 2020 வாக்கில் சார்ஜர் உற்பத்தியோடு மறுபடி இயங்கத் தொடங்கியது. கேட் திறந்தது, நல்லது. ஆனால் நடுவில் ஐந்தாறு வருடம். கடன் தவணை ஐந்தாறு வருடம் காத்திருக்குமா?

ஆலை மூடாமலேகூட வியாபாரம் இடம் மாறும். 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தெற்கே போகும் வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. பயணிகளை நம்பியிருந்த வியாபாரமும் கூடவே மாறியது. ஒரு இடத்தில் கூட்டம் குறைந்தது, நம் வண்டலூர் பக்கம் கூட்டம் கூடியது. ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு வாய்ப்பு. முன்னாடியே தெரிந்துகொண்டவர்கள் தயாராக இருந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கம்பெனி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனிச் சம்பளம்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. அந்தச் சம்பளம் வரும் காலத்திலேயே இன்னொரு தூணை நட்டு வைக்க வேண்டும் என்கிறோம்.

1. வரவு நோட்டு போடுங்கள். நாலு பத்தி: சம்பளம், வியாபாரம், வாடகை, நிலம்-மாடு. ஒவ்வொன்றிலும் காதில் விழும் தொகையை எழுதாதீர்கள், கையில் நிற்கும் தொகையை எழுதுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

2. எந்த வரவு எந்தக் கம்பெனியை நம்பியிருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பாதிக்கு மேல் ஒரே கம்பெனிப் புள்ளி என்றால் உஷார்.

3. மூன்று மாதத் தவணைப் பணத்தைத் தனியாகச் சேருங்கள். மாதம் ரூ.3,000 தவணை என்றால் ரூ.9,000. ஒரே நாளில் வராது. மாதம் ரூ.500 போட்டால் ஒன்றரை வருடத்தில் வந்துவிடும். அதைத் தொடக் கூடாது.

4. கேட்டுக்கு வெளியேயும் வாடிக்கையாளர் தேடுங்கள். இட்லி மாவை அடுக்குமாடிக் குடியிருப்பில் விற்க முடியுமா? வாரத்தில் ஒரு நாள் ரயிலடியில் கடை போட முடியுமா? விற்பனையில் நாலில் ஒரு பங்காவது வேறு இடத்திலிருந்து வரட்டும்.

5. பிள்ளை கம்பெனியில் இருக்கும்போதே கூடுதலாக ஏதாவது படிக்கட்டும். டிப்ளமோ, கம்ப்யூட்டர், தையல் மெஷின் பழுது பார்ப்பது என்று எதுவானாலும் சரி. முப்பது வயதில் "வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று சொன்னால் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும்.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டத்தை "சம்பளச் சீட்டுக் கூட்டம்" ஆக்குங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் அழைத்து, எல்லோருடைய சீட்டையும் வரிசையாகப் பாருங்கள். ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அக்காவின் நோட்டு

முதலில் கேள்வி கேட்டாரே, அந்த அக்கா வீட்டில் மகளோடு உட்கார்ந்து நோட்டு போட்டுப் பார்த்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வந்தார். "காசு எங்கயும் போகல. தண்டல்காரர் பையில பாதி, கடன் சொன்னவங்க வயித்துல கொஞ்சம், காலியா கெடந்த ரூம்ல கொஞ்சம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "சிரிக்கறீங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. மூணுமே அந்த ஒரு கேட்டை நம்பித்தான் இருக்குது."

அன்று அந்தக் குழு கடை நிதி தொடங்கத் தீர்மானம் போட்டது. அக்கா அந்தத் தண்டலோடு முடித்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் மாவு அரைத்துக் குடியிருப்புகளுக்குக் கொடுக்கிறார். பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் கம்பெனி மூன்று நாள் லீவு விட்டபோது, தவணைக்கு யாரிடமும் கைநீட்டவில்லை.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் புத்தகத்தோடு உங்கள் வரவு நோட்டையும் கொண்டு வாருங்கள். நாலு பத்தி, நாலு வரி போதும். எழுதத் தெரியாத அம்மாக்களுக்குப் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், நம் கையில் நிற்பது எவ்வளவு என்று.